முன் அறைத் திரை

கப்பல் கம்பெனியின் மேலாளர் அம்மாள் மேஜை மேல் கப்பலின் வரைபடத்தைப் பாய் விரிப்பது போல விரித்தார். சாம்பல் நிற உடை, சாம்பல் நிறக் குரல்.

"எந்த ரூம் வேணும்னாலும் எடுத்துக்கலாம்மா. இந்தப் பயணம் எங்களால முடிஞ்ச மரியாதை," என்றார் என் தங்கையிடம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் பல்லைப் பார்த்துவிட்டு, கயிறும் சேர்த்தியா என்று கேட்போம். திரைத்துணி மொத்த வியாபாரம், தலைமுறை தலைமுறையாக. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நடுக்கப்பல்ல குடுங்க. மேல் தளம், பால்கனி வெச்சது. ரெண்டு கட்டில் இருக்கணும், நானும் கூட வரேன்."

தங்கை வரைபடத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு எந்த ரூம்ல லைட் எரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

என் தங்கையின் கணவர் அந்தக் கப்பலின் முன்தளத்து மேஸ்திரி. நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாம் அவர் பொறுப்பு. காற்று மிகுந்த ஒரு சாயங்காலம், அவிழ்ந்துபோன ஒரு மூடுதுணியைக் கட்டுவதற்காகக் கப்பலின் மூக்கு வரை போயிருக்கிறார். முன் பக்கத்து அறை ஒன்றில் யாரோ எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னல் திரையைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வெளிச்சம் மேலே கப்பலை ஓட்டுகிறவர்களின் கண்ணைக் கூசவைத்துவிட்டது. முன்னால் ஓர் ஆள் நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கப்பலைத் திருப்பினார்கள். அலை ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு அங்கே யாரும் இல்லை. உடல் கிடைக்கவில்லை.

மேலாளர் அம்மாள் வரைபடத்தின் நுனியைத் தொட்டுக் காட்டினார். தங்கை அதே இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுவே குடுங்க."

"அங்க ஆட்டம் ஜாஸ்திம்மா. சங்கிலி இறக்கினா தலையில இடி விழற மாதிரி இருக்கும். பொழுது சாஞ்சா திரையைத் திறக்கவே கூடாது."

"அதுக்குத்தான்."

படியில் இறங்கும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏன் பாப்பா, சும்மா குடுக்கறப்ப போயி கப்பல்லயே மட்டமான ரூமை எடுப்பாங்களா யாராவது? நம்ம வீட்டுப் பொண்ணுன்னு வெளிய சொல்லாத."

"யாராவது ஒருத்தர் அந்தத் திரையை மூடணுமில்லண்ணே," என்றாள், அடுப்பை அணைத்தோமா என்று கேட்கிற குரலில்.

செய்தி வந்த நாளிலிருந்து அவள் எல்லாவற்றையும் அந்தக் குரலில்தான் பேசினாள். அழவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், போடாவிட்டால் கேட்கவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போவது போல முழு மனுஷியும் மரத்துப்போயிருந்தாள். புறப்படுவதற்கு முன் தன் வீட்டுச் சாவியையும் பீரோ சாவியையும் என் மனைவியின் கையில் கொடுத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி" என்றாள்.

என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "பீரோ சாவியை எதுக்குங்க குடுக்கணும்? திரும்பி வர்றவ செய்யற காரியமா இது? அவளை ஒரு நிமிஷம் தனியா விட்டுடாதீங்க. கூட்டிட்டுப் போறீங்க, கூட்டிட்டு வர்றீங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

அவ்வளவுதான் என் வேலை.

கப்பலின் நடுவில் பாட்டும் சிரிப்பும் பளிங்குத் தரையுமாக இருந்தது. முன்னால் போகப் போக நடைவழி குறுகியது, பாட்டு அடங்கியது. கடைசிக் கதவு எங்களுடையது. அதையும் தாண்டி வெள்ளை அடித்த ஓர் இரும்புக் கதவு. அதில் சிவப்பு எழுத்தில், பணியாளர் மட்டும்.

அறைப் பணியாளருக்குப் பெரிய மீசை. மனதுக்குள் அவருக்கு மீசை என்றே பெயர் வைத்துக்கொண்டேன். "இந்த ரூமை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க சார்," என்று சிரித்தார்.

ஜன்னல் நேரே முன்தளத்தைப் பார்த்தது. கயிறு சுற்றும் இயந்திரங்கள் படுத்த எருமைகளைப் போல இருந்தன. அவற்றுக்கு நடுவே சங்கிலி. அதற்கு அப்பால் கப்பலின் மூக்கு, பிறகு ஒன்றுமில்லை. பழக்கதோஷம், என் விரல் திரைத்துணியைத் தடவியது. மூன்று அடுக்கு, உள்ளே கறுப்பு ஒட்டு, தொங்கலில் கனத்துக்கு ஈயம் வைத்துத் தைத்தது. நல்ல சரக்கு. எவ்வளவு ஆடினாலும் தானாக நகராது.

அறையில் ஒரு வாசனை இருந்தது. ஈரக் கயிறு, இரும்பு, கிரீஸ். மாப்பிள்ளை விடுப்பில் வரும்போதெல்லாம் அவர் பையைத் திறந்தால் வருகிற வாசனை. தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை மெதுவாக உள்ளே இழுத்தாள்.

முதல் சாயங்காலம் தப்பு என்னுடையது. சூரியன் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் திரை விற்றவன், என் ஜன்னலை மூட மறந்தேன். போன் அடித்தது.

"திரையை மூடிடுங்க. வெளிச்சம் முன்னாடி விழுது." குரலுக்குப் பின்னால் காற்று.

"மன்னிச்சுக்குங்க சார், இதோ மூடிட்டேன்."

பதில் இல்லை. வைக்கவும் இல்லை. காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. நானே வைத்தேன்.

மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்பே தங்கை தன் கையால் மூடினாள். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுவது போல மடிப்பை நீவி விட்டாள். வந்த காரியம் முடிந்தது என்று நினைத்துக் குளிக்கப் போனேன். தலையில் சோப்பு இருக்கும்போது போன் அடித்தது. நிற்காமல் அடித்தது. துண்டோடு வெளியே வந்தேன்.

திரை ஒரு சாண் திறந்திருந்தது.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுண்ணே."

"திரையை மூடிடுங்க. வெளிச்சம் முன்னாடி விழுது."

"மூடிடறேன் சார்."

காற்று. இரும்பு இரும்போடு உரசும் சத்தம். பிறகு அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது.

"அப்புறம்?"

சோப்பு நுரை கண்ணில் வழிந்தது. எரிச்சல் தெரியவில்லை.

மாப்பிள்ளை கடலிலிருந்து பேசும்போதெல்லாம் இப்படித்தான். சொல்ல வேண்டியது தீர்ந்த பிறகும் போனை வைக்க மனம் வராது. கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, "அப்புறம்?" என்பார். "மாப்ளே, உன் பேச்சுக்குப் பின்னால ரயில் பெட்டி மாதிரி ஒரு கொக்கி வெச்சிருக்கியே, அடுத்த பெட்டியை யாரு மாட்டறது?" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

ரிசீவரை வைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்.

"அப்புறம்னாரா?"

"திரையை நீ திறந்தியா?"

"ஆமா."

"மூடத்தானேடி வந்தே?"

"மூடியிருந்தா போன் வரலண்ணே. திறந்தாத்தான் வருது."

காலையில் மீசையைக் கூப்பிட்டு, மேலிருந்து எங்கள் அறைக்கு யார் போன் செய்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். போனவர் சிரிப்பில்லாமல் திரும்பி வந்தார்.

"யாரும் கூப்பிடலயாம் சார். ரெண்டு நாளா உங்க ஜன்னல் கும்மிருட்டாத்தான் இருந்துச்சாம். நல்ல பயணின்னு பாராட்டினாங்க."

"முன்தளத்துல சாயங்காலம் யாராவது வேலை செய்வாங்களா?"

"அந்த விஷயத்துக்கு அப்புறம் பொழுது சாஞ்சா யாரையும் அனுப்பறதில்ல சார்." மீசையைத் தடவினார். "ரூம் மாத்திக்குறீங்களா?"

மாற்றிக்கொள்ளலாம் என்றேன் தங்கையிடம். கெஞ்சினேன், அதட்டினேன், பொய்யாக நெஞ்சு வலி என்றேன். "நீ போண்ணே, நான் இருக்கேன்," என்றாள்.

அன்று கடல் ஏறிக்கொண்டே இருந்தது. கப்பலின் மூக்கு எழும்பி, ஒரு கணம் நின்று, விழும். விழும்போதெல்லாம் தரைக்கு அடியில் சங்கிலி முனகும். திரைத்துணிக்காரன் பையில் குண்டூசி இல்லாமல் போகாது. பொழுது சாயும் முன் இரண்டு திரைகளையும் சேர்த்து, மேலிருந்து கீழ் வரை நெருக்கமாகக் குத்தினேன். நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். தங்கை கட்டிலில். திரையின் பக்கம் போகவே இல்லை.

வெளியே வெளிச்சம் போனது.

கம்பளத்தில் ஒரு குண்டூசி விழுந்தது.

காற்றில்லை. யாரும் தொடவில்லை.

இன்னொன்று.

ஈரக் கயிற்று வாசனை தொண்டை வரை வந்தது.

மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக, பொறுமையாக விழுந்தன. வேலை தெரிந்த கை கழற்றுவது போல. பிறகு அந்தக் கனத்த துணி ஒரு சாண் விலகியது.

போன் அடித்தது. நான் எழுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"ம்ம்," என்றாள். "ம்ம்... சரி. வரேன்."

வைத்துவிட்டுக் குனிந்து கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினாள்.

"எங்கடி போற?"

"முன் கதவைத் திறந்து வெச்சிருக்காராம்."

பால் வாங்கப் போகிறவள் இதைவிட அவசரப்படுவாள்.

நடைவழியில் அந்த இரும்புக் கதவு மோதும் சத்தம் கேட்டது. எங்கள் கதவுக்கு அடியிலிருந்து குளிர்காற்று வந்து காலைச் சுற்றியது. கம்பளத்தின் ஓரம் கறுத்து, ஈரமாகி, அந்த ஈரம் உள்ளே பரவியது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கடல் தண்ணீர் போல் சில்லிட்டிருந்தது. "நீ திறக்கறப்ப எல்லாம் அவருக்கு மறுபடி அதே சாயங்காலம்தாண்டி! புரியுதா உனக்கு?"

செருப்பைக் காலில் மாட்டினாள். "புரியுதுண்ணே. அதான் நானே போயிடறேன். அப்புறம் யாரும் திறக்க வேண்டாம்."

என்னை நாற்காலியோடு நகர்த்தினாள். அவளுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

போன் மறுபடி அடித்தது. ஒரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டு, எட்டி, மறு கையால் எடுத்தேன்.

காற்று.

"மாப்ளே," என்றேன்.

காற்று.

"பாப்பாவை விட்டுடு. திரையை நான் மூடறேன்."

காற்று. சங்கிலி.

"அப்புறம்?"

எங்கள் தொழிலில் எதிராளி "அப்புறம்?" என்று கேட்டால், இன்னும் ஏதாவது கொடு என்று அர்த்தம். அந்த இடத்தில் வாயைத் திறக்காதே, முதலில் பேசுகிறவன் போனான் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். நான் பேசினேன்.

"நீ எப்பக் கூப்பிட்டாலும் மூடறேன். எங்க இருந்தாலும் மூடறேன்."

காற்று நின்றது. நடையில் இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. திரையை இழுத்து மூடி, துணியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். பின்னால் தங்கை தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம் வந்தது. அவள் அழுகிறாள் என்று தெரிய எனக்கு நேரம் பிடித்தது.

காலையில் துறைமுகம். மீசை இரும்புக் கதவைச் சோதித்தார். பூட்டியது பூட்டியபடி. அங்கிருந்து எங்கள் அறை வாசல் வரை கம்பளம் ஊறிப்போயிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளியை எடுத்துவரப் போனார்.

கூட்டிக்கொண்டு போனேன், கூட்டிக்கொண்டு வந்தேன். தங்கை சாவிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்போது பசிக்கிறது என்கிறாள். என் மனைவியோடு சண்டை போடுகிறாள். போன வாரம் வாய்விட்டுச் சிரித்தாள், நான்தான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேனாம். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "உங்களுக்கு என்னங்க ஆச்சு, மரக்கட்டை மாதிரி இருக்கீங்க," என்கிறாள் மனைவி. ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. குத்தினாலும் தெரியவில்லை.

பேரத்தில் கெடு முக்கியம். எத்தனை நாளைக்கு, எதுவரைக்கும் என்று பேசாமல் கை கொடுக்கவே கூடாது. கடலைப் பார்க்க ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர் எங்களுடையது. கடையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க மாதிரித் திரைகள் தொங்குகின்றன. பின்னால் ஜன்னல் கிடையாது, செங்கல் சுவர்தான். தினமும் பொழுது சாயும்போது மேஜை மேல் இருக்கிற போன் அடிக்கும். திரும்பிப் பார்ப்பேன். ஏதாவது ஒரு திரை ஒரு சாண் திறந்திருக்கும். போய் மூடுவேன். தொங்கல் ஈரமாக இருக்கும். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தால், "அப்புறம்?"

"அவ்வளவுதான் மாப்ளே. அவ நல்லா இருக்கா," என்பேன். வைத்துவிடுவார்.

இன்று தங்கை கடைக்கு வந்தாள், தன் வீட்டு ஜன்னலுக்குத் திரை எடுக்க. "மெல்லிசா வேணும்ணே. வெளிச்சம் உள்ள வரணும்." கடையின் மறுகோடியில் நின்று ஒவ்வொரு துணியாக விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கை. எங்கள் வீட்டுக் கை.

போன் அடித்தது. எந்தத் திரை என்று பார்த்தேன். போய் மூடினேன். வந்து ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மாப்ளே," என்றேன், குரலைத் தணித்து.

வைக்கவில்லை. காற்று வீசிக்கொண்டே இருந்தது. அதற்குள்ளே ஏதோ பேச்சு, எனக்குப் பிடிபடாத அளவுக்கு மெல்லிய, நீளமான பேச்சு.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒரு சொல்லும் வெளியே போயிருக்க முடியாது.

மறுகோடியில், துணியிலிருந்து கையை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், என் தங்கை சொன்னாள்.

"ம்ம்... ம்ம்."