திறக்காத வரைபடம்

சர்வர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு முதலாளி வந்து நின்றார். அவர் பின்னால் புதுசு, அழுது முடித்து முகம் கழுவிய கண்களோடு. சேர்ந்து ஒரு வருடம் தாண்டியும் அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

"நூலக வரைபடம் யாருக்கும் திறக்கல. 'அனுமதி இல்லை'ன்னு வருது. மதியம் கிளையன்ட் வர்றாங்க. பூட்டினது இவதான். நீ திறந்து மட்டும் குடு. சாயங்காலம் இவ மூட்டை கட்டிக்கலாம்."

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சர்வர் அக்கா, கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"இவதான்னு யார் சொன்னது சார்?"

"மச்சான். சனிக்கிழமை அவன்கிட்ட சண்டை போட்டிருக்கா, வரைபடத்துல தன் பேருதான் இருக்கணும்னு. அவனுக்கும் இப்ப திறக்கலையாம்."

முதலாளியின் மனைவியுடைய தம்பிதான் அங்கே சீனியர். அலுவலகமே அவரை 'மச்சான் சார்' என்று கூப்பிட்டது. யாருக்கும் சிரிப்பு வருவதுகூட நின்றுபோயிருந்தது.

முதலாளி போனதும் புதுசு சொன்னாள்: "அக்கா, எனக்கும் திறக்கல. நான் வரைஞ்சது எனக்கே திறக்கல."

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அந்த நூலகத்தின் நடுவில் சுழன்று ஏறும் படிக்கட்டைத் தூக்கத்திலும் வரைந்தவள். வேலை போனால் அப்பா திட்டமாட்டார். தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். அதை அவளால் தாங்க முடியாது.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். அந்த ஃபோல்டர்ல மத்த ஃபைலெல்லாம்?"

"எல்லாம் திறக்குது. இது ஒண்ணுதான் மக்கர் பண்ணுது. வைரஸா அக்கா? இல்ல டிஸ்க் போயிடுச்சா?"

"டிஸ்க் போனா இது ஒண்ணோட நிக்காது. வா."

ஹாலுக்குள் நுழைந்த அக்கா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பின் முன் நின்றாள். 'ஒரு ஃபைல் ஒரே இடத்தில். நகல் எடுக்காதீர்கள், நகர்த்துங்கள்.' எப்போதோ பழைய நகல் ஒன்று தப்பாகக் கட்டுமான இடத்துக்குப் போய், எழுப்பிய சுவரை இடிக்க வேண்டி வந்தது. அன்று முதலாளி போட்ட உத்தரவு.

"இத எல்லாரும் கேக்கறாங்களா?"

"கேக்கலன்னா காதுல ரத்தம் வர்ற அளவுக்குக் கத்துவாரு. மச்சான் சார்கூட கேப்பாரு."

"அது போதும்," என்றாள் அக்கா. முதலாளியையும் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டு, அவரவர் கணினியில் வரைபடத்தைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொரு திரையிலும் 'அனுமதி இல்லை'. மச்சான் சார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னோடது ஹேங் ஆகிக் கிடக்கு. எனக்கும் திறக்கலன்னு காலையிலயே சொன்னேனே."

அக்கா அவர் மவுஸை லேசாக அசைத்தாள். திரையில் அம்பு ஓடியது. இரண்டு தட்டு. சுழல் படிக்கட்டு திரை நிறைய விரிந்தது.

"சார், நம்ம வரைபட சாஃப்ட்வேர் ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் ஃபைலைப் புதுசா எழுதும். எந்த ஃபோல்டர்ல எழுதுதோ, அந்த ஃபோல்டரோட பூட்டு ஃபைல் மேல விழும். அப்புறம் அதை நகல் எடுத்துப் பொது ஃபோல்டர்ல போட்டா, எல்லாருக்கும் திறக்கும். நகர்த்தினா, பழைய பூட்டையும் இழுத்துக்கிட்டு வந்துடும். நம்ம ஆபீஸ்லதான் யாரும் நகல் எடுக்கறதில்லையே. இவரோட ஃபோல்டர் இவருக்கு மட்டும் திறக்கும். இந்த ஃபைல் அங்க போய் சேவ் ஆகிட்டுத் திரும்பி வந்திருக்கு, அதான் இவருக்கு மட்டும் திறக்குது."

"பார்க்கறதுக்குத்தான் எடுத்தேன்," என்றார் மச்சான் சார்.

"பார்த்துட்டு அப்படியே திரும்ப வச்சிருந்தா பூட்டு மாறியிருக்காது. எதையோ மாத்தி சேவ் பண்ணியிருக்கீங்க. காலையில எல்லாரும் திறக்கலன்னு சொல்றப்ப உங்களுக்கு மட்டும் திறந்திருக்கு. பயந்து பொய் சொன்னீங்க. பழி போட இவ கிடைச்சா."

அக்கா வரைபடத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினாள். 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் சனிக்கிழமை வரை புதுசின் பெயர் இருந்தது. இப்போது மச்சான் சார் பெயர்.

முதலாளி கட்டத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"சரி, பூட்ட எடு. பேரு அப்படியே இருக்கட்டும். கிளையன்ட்கிட்ட இவன்தான் வரைஞ்சான்னு சொல்லியாச்சு. குடும்ப விஷயம், வெளிய போக வேணாம்." பிறகு புதுசிடம், "உன் வேலைக்கு ஒண்ணும் இல்லம்மா. போய் வேலையப் பாரு."

அவர் அவளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் பூட்டினா மூட்டை கட்டணும், அவர் பூட்டினா குடும்ப விஷயமா சார்?"

காது கேட்காதவர் போல் அவர் போய்விட்டார்.

சர்வர் அறையில் புதுசு பக்கத்தில் நிற்க, அக்கா பூட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "யாருன்னு சொல்ல முடிஞ்சுது. அதுக்கு மேல என் கையில இல்ல," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"படிக்கட்டு எவ்வளவு எடை தாங்கும்னு போட்ட கணக்கெல்லாம் என் ஃபோல்டர்லதான் இருக்கு. அது யாருக்கெல்லாம் திறக்கும்?"

"சீனியருங்க எல்லாருக்கும்."

"எனக்கு மட்டும் திறக்கற மாதிரி பண்ண முடியுமா?"

"முதலாளி கேட்டா?"

"இந்தத் தடவை நிஜமாவே நான்தான் பூட்டினேன்னு சொல்லுங்க."

அக்கா அந்த ஃபோல்டரைத் திரையில் திறந்தாள். பிறகு கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கோப்பையைக் கழுவ எழுந்து போனாள்.

மதியம் கூட்ட அறைக்குள்ளிருந்து ஒரு வெளியாள் குரல் கேட்டது: "இந்தப் படிக்கட்டு நடுவுல தூணே இல்லாம நிக்குமா?" மவுஸைத் தட்டும் சத்தம். அப்புறம் மச்சான் சார் தணிந்த குரலில், "கணக்கு திறக்கல. அனுமதி இல்லைன்னு வருதே."

"புதுசு!" என்று முதலாளி கத்தினார்.

காலையில் அவளை மூட்டை கட்டச் சொல்லியிருந்தது சாயங்காலத்துக்கு. அவள் சற்று முன்னாலேயே கட்டி முடித்திருந்தாள். தோளில் பையோடு போய்க் கூட்ட அறைக் கதவைத் திறந்தாள்.

"நிக்கும்," என்றாள் வந்திருந்தவர்களிடம். "வரைஞ்சவ சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டு மாடிப்படி இறங்கினாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.