இருபத்தோராம் நாள்

"கைய புடிச்சிக்கங்க டீச்சர்... பலக வழுக்கும்."

நீட்டிய கையை ரத்னா பார்த்தாள். வலை இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய கை. அதற்கு மேலே... சிரிக்கிற கண்கள். பழவேற்காட்டுத் துறையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு படகுக்காரனுக்கு இவ்வளவு பெரிய கண்கள் எதற்கு? அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேணாம். எனக்கு ஏறத் தெரியும்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். படகின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரே எட்டு... உள்ளே வந்துவிட்டாள். படகு அசையக்கூட இல்லை.

செங்கல்வராயன் நீட்டிய கையோடு அப்படியே நின்றான். அவளுக்கு முன்னால் ஏறிய பதினோரு பேரும் படகை ஆட்டி எடுத்துவிட்டார்கள். பூவராகவன் சார் ஏறியபோது கவிழ்ந்தே விடும் போலிருந்தது. இந்த டவுன் பெண்ணுக்கு மட்டும் எப்படி...? படகில் ஏறுமுன் தொட்டுக் கும்பிட இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அது 1973, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. திருவள்ளூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் பூநாரை பார்க்கக் கிளம்பி வந்திருந்தார்கள். ஏற்பாடு, பூகோள வாத்தியார் பூவராகவன் சார். கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் மனசெல்லாம் அட்லாண்டிக் சமுத்திரத்தில். அங்கே எரிமலை கக்கிய தீவுகள் இருக்கின்றனவாம். வெள்ளைக்காரர்கள் கூட்டமாகப் போய், கருப்பு மணலில் நடந்து, பறவையும் பூவும் பார்த்துவிட்டு வருவார்களாம். பழைய பத்திரிகைகளிலிருந்து அந்தப் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். அட்லாண்டிக்குக்கு வழியில்லாததால் பஸ் பிடித்துப் பழவேற்காடு.

எல்லோருக்கும் அது சந்தோஷ டூர். ரத்னாவுக்கு மட்டும் அது திருட்டுப் பயணம். இந்த ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்தான் அவள். பள்ளியில் யாருக்கும் தெரியாது. சொந்த ஊர் எது என்று கேட்டால் பொன்னேரிப் பக்கம் என்பாள். அப்பா நாகமுத்து, அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே கோபித்துக்கொண்டு இந்தக் குப்பத்தை விட்டவர். எங்கே வேண்டுமானாலும் போ, அந்தக் குப்பத்துத் துறையில் மட்டும் காலை வைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். டூர் என்று சொல்லிவிட்டு வந்தாளே தவிர, எங்கே என்று அவரிடம் வாய் திறக்கவில்லை.

படகு நகர்ந்தது. காற்றில் அவள் முந்தானை படபடத்தது. பருவம் தப்பிய ஒரு தூறல்... ஏரி முழுக்கப் புள்ளி வைத்தது. மழைத்துளி அவள் இமையில் நிற்பதைச் செங்கல்வராயன் பார்த்தான். பார்க்காதது போல் பாயைச் சரி செய்தான். மறுபடியும் பார்த்தான். இந்த முறை அவளும் பார்த்தாள்... இரண்டு பேரும் சட்டென்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பூவராகவன் சார் நோட்டை விரித்து எரிமலைத் தீவுகளைக் காட்டினார். செங்கல்வராயன் எட்டிப் பார்த்தான். அவன் கேட்ட கேள்வியை அந்தப் படங்களைப் பார்த்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அந்தத் தீவுல பாடு எப்படி சார் பிரிச்சிக்கிறாங்க?"

சாருக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். அவர்கள் குப்பத்தில் இருபத்தோரு தலைக்கட்டு. முகத்துவாரத்தருகே நல்ல மீன் விழுகிற தண்ணீர் ஒன்றே ஒன்று. அதனால் சீட்டு எடுத்து ஆளுக்கொரு நாள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. அன்றைக்கு அந்தத் தண்ணீர் அந்த வீட்டுக்கு. சூரியன் உச்சிக்கு வருமுன் படகு அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாடு அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு இருபத்தோரு நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

"இன்னிக்கு எங்க பாடு சார். அப்பாவும் தம்பியும் வலையோட அங்க நடந்தே போயிட்டாங்க, படகு இது ஒண்ணுதான். போன பாட்டுல புயலு, அதுக்கு முந்தின பாட்டுல அப்பாவுக்குக் காய்ச்சலு. இத்தையும் உட்டா ஊட்டுல பேஜாராயிடும். உங்களுக்கு வாக்கு குடுத்துட்டதால வந்தேன். உச்சிக்குள்ள உங்கள கரையில எறக்கிட்டு ஓடணும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம் அவன். இமையில் துளி தாங்கிய டீச்சரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதே... ஆசை யாரை விட்டது? குப்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்றை எடுத்துவிட்டான்.

"எங்க ஊருல நாகமுத்துன்னு ஒருத்தரு இருந்தாரு. ஒரே ஒரு நாளு பாட்டுக்கு வரல. தண்ணி அடுத்தவருக்குப் பூடுச்சி. ரோஷம் பொத்துக்கினு வந்து, உங்க பாடும் வேணாம், ஊரும் வேணாம்னு குடும்பத்த இட்டுக்கினு கெளம்பிட்டாரு. ஒரு நாளு மீனுக்கு ஊரையே உட்ட புத்திசாலி!"

படகே சிரித்தது. ரத்னா மட்டும் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் அப்பாவின் முகத்தில் பார்த்த வலியை இவன் வேடிக்கையாக்கிவிட்டான். இந்தக் கண்களையா கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

தூறல் நின்றது. திடீரென்று பூவராகவன் சாரின் குரல் உடைந்தது. "அதோ... அதோ பாருங்கோ..."

ஏரிக்குள் இருந்த தீவு ஒன்றின் ஓரத்தில் பூநாரைகள்! ஆயிரமா, இரண்டாயிரமா... தண்ணீர் தெரியாமல் நின்றன. அப்படியே எழும்பின. வெள்ளை இறக்கைகளுக்குள் ஒளித்து வைத்திருந்த ரோஜா நிறம் மொத்தமும் ஒரே நேரத்தில் விரிந்தது. ரத்னா கோபத்தையும் மறந்து வாய் பிளந்து பார்த்தாள். பூவராகவன் சார் அழுதேவிட்டார். கிட்டப் போகலாம் என்று அவர் எழுந்தார். அவரோடு எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் ஓடினார்கள்.

படகு சாய்ந்தது... சறுக்கியது... சேற்றுத் திட்டில் போய் உட்கார்ந்தது.

செங்கல்வராயன் கழியை ஊன்றித் தள்ளினான். நகரவில்லை. கீழே குதித்துத் தோள் கொடுத்தான். பின்பக்கம் எழும்பினால் முன்பக்கம் சேற்றில் திரும்பிக்கொண்டது. முன்னால் நின்று கழி பிடிக்க ஒரு ஆள் வேண்டும். தம்பி இருந்தால் பிடிப்பான். பன்னிரண்டு வாத்தியார்களில் யாரைக் கேட்பது? சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. கடல் உள்வாங்க, ஏரியில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. அவன் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை. மூன்றாவது பாடும் போகப் போகிறது.

போகட்டும், அப்பாவைப் பார்த்துச் சிரித்தவன்தானே என்றது ரத்னாவின் மனசு. அதே மனசு, பாடு போன வீட்டில் அன்றைக்கு அடுப்பு எப்படி இருக்கும் தெரியுமா என்றும் கேட்டது. அவளுக்குத் தெரியும். ஊரை விட்ட பிறகு அம்மா பிறந்த அக்கரைத் தீவில் பன்னிரண்டு வயது வரை இருந்தவள் அவள். அப்பாவிடம் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே கழி ஊன்றிப் போனவள்.

புடவையை இழுத்துச் செருகினாள். இரண்டாவது கழியை எடுத்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? பின்னால முட்டு குடு. நீரு வத்துது. சார், எல்லாரும் நடுவுல வந்து உக்காருங்க."

ரத்னாவின் வாயிலிருந்து வந்த குப்பத்துப் பேச்சைக் கேட்டு, பக்கத்தில் இருந்த மரகதவல்லி டீச்சர் மிரண்டுபோய் நடுவில் உட்கார்ந்தார். பூவராகவன் சார் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். செங்கல்வராயன் முட்டுக் கொடுத்தான். ரத்னா கழியைச் சாய்த்து, உடம்பின் மொத்தப் பாரத்தையும் அதில் போட்டு... ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. படகு முனகிக்கொண்டே சேற்றை விட்டது!

கரைக்குப் போய் ஆட்களை இறக்கிவிட்டு வந்தால் நேரம் தாண்டிவிடும், நேராக முகத்துவாரத்துக்கு விடு என்றாள். இவர்களை வைத்துக்கொண்டா என்று கேட்டான். இவர்களை வைத்துக்கொண்டுதான் என்றாள். அதற்குப் பிறகு பேச நேரமில்லை. அவன் பின்னால், அவள் முன்னால்... கழி இரண்டும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. வாத்தியார்கள் கை தட்டினார்கள். பூவராகவன் சார், எந்த அட்லாண்டிக்கில் கிடைக்கும் இது என்று கத்திக்கொண்டே வந்தார். செங்கல்வராயனுக்குச் சூரியனைப் பார்ப்பதா, முன்னால் வியர்த்து நிற்கிறவளைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. பாடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவளிடம் தான் தொலைந்தாயிற்று என்று மட்டும் தெரிந்தது.

முகத்துவாரத்து மணல்திட்டில் அவன் அப்பா இராமலிங்கம் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறைக்காரர் படகில் பாயை விரிக்கவே ஆரம்பித்துவிட்டார். நிழல் காலடிக்குள் ஒடுங்குகிற நேரம்... படகு போய் முட்டியது. தம்பி ஓவென்று கூவிக்கொண்டு வலையைத் தூக்கினான்.

இராமலிங்கம் வலையைப் பார்க்கவில்லை. ரத்னாவைப் பார்த்தார்.

"இப்புடி கழி ஊனறத எங்கயோ பாத்துக்கிறேன். யாரு பொண்ணும்மா நீ? நாகமுத்து பொண்ணா?"

செங்கல்வராயனுக்குத் தான் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. மெல்லத் திரும்பினான். ரத்னா கழியைக் கீழே வைத்தாள். அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமா. அவுரு பாட்டுக்கு வராத அந்த ஒரு நாளு... நான் பொறந்த நாளு. பொன்னேரி ஆஸ்பத்திரியில எங்கம்மா சாகக் கெடந்தாங்க. அவுரு அங்க நின்னாரு. ஊரு கேக்கல. அதான் உட்டுட்டுப் போனாரு. இனிமே கதை சொன்னா முழுசா சொல்லு."

மாலையில் கரை இறங்கியவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திருவள்ளூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. நாகமுத்து கேட் கீப்பர். அன்றிரவு சோறு போட்டபோது மகளின் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டார். கழி பிடித்த கொப்புளம் எது என்று அவருக்கா தெரியாது? ரத்னா எதையும் மறைக்கவில்லை. குப்பம் சிரித்த கதையையும் சொன்னாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வேண்டும், வேண்டாம் என்பதைத் தவிர அவளிடம் பேச்சில்லை.

கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. மனசுதான் ஆறவில்லை. அவனை நினைத்தால் கோபம் வந்தது. கோபத்தை நினைத்தால் அவன் வந்தான். கரும்பலகையில் தேதி எழுதும்போதெல்லாம் கை ஒரு நிமிஷம் நின்றது. மனசு அந்த ஞாயிறிலிருந்து நாளை எண்ணியது. பதினைந்து... பதினேழு... இருபது. சீ, என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு. உச்சி வெயில். கதவைத் தட்டும் சத்தம். திறந்தாள்.

இஸ்திரி போட்ட சட்டையில் செங்கல்வராயன் நின்றான். அந்தக் கண்கள் மட்டும் அப்படியே...

"இன்னிக்கு உங்க பாடாச்சே! இங்க இன்னா பண்றீங்க?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது.

"எண்ணிக்கினா இருந்தீங்க டீச்சர்?"

பதில் சொல்வதற்குள் பின்னால் நாகமுத்து வந்து நின்றார். செங்கல்வராயன் சிரிப்பை விட்டான். தான் யார், யார் மகன், பூவராகவன் சாரிடம் விலாசம் வாங்கி வந்தது எல்லாம் சொன்னான். தெரியாமல் கதை சொல்லிச் சிரித்தவன் தான்தான் என்றும், மன்னிப்புக் கேட்க வந்ததாகவும் சொன்னான். நாகமுத்து அவனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"உச்சி ஆயிடுச்சே. படகு?"

"துறையில கட்டிக் கெடக்குது."

"தண்ணி?"

"அடுத்தவருக்குப் போயிருக்கும்."

"உங்கப்பன் ஒண்ணும் சொல்லலியா?"

"கொட்டின வார்த்தைய நீயே போயி அள்ளிக்கினு வாடான்னாரு."

"அத்த வேற நாளு வந்து அள்ளியிருக்கக் கூடாதா?"

செங்கல்வராயன் தலை குனிந்தான். "வேற நாளு வந்தா எனக்கு ஒண்ணும் போவாதே மாமா. உங்களுக்குப் போனது எனக்கும் போனாதான... அது மன்னிப்பு."

இருபத்திரண்டு வருஷமாக இறுகிக் கிடந்த நாகமுத்துவின் முகம் லேசாக இளகியது. எங்கோ ரயில் கூவியது. அவர் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதி வழியில் நின்றார்.

"அவனுக்குத் தண்ணி குடு ரத்னா. உனக்காகப் பாட்ட உட்ட ரெண்டாவது ஆளு அவன்."

அவர் கேட்டுக்குப் போனார். ரயில் தடதடத்துக் கடக்கும் நேரத்தில் ரத்னா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். சத்தம் ஓய்ந்தது.

"எங்க குப்பத்துல..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கல்யாணம் ஆனவனுக்குத்தான் பாட்டுச் சீட்டுல தனிப் பேரு எழுதுவாங்க. சித்திரையில புதுச் சீட்டு."

"சீட்டுல பேரு வரணும்னு பொண்ணு கேக்கறீங்களா?" அவள் குரலில் கோபம் இருந்தது. உதட்டில் இல்லை.

"சீட்டு கெடக்குது... அன்னிக்கு நீ வேணாம்னு சொல்லிட்டு ஏறின பாரு, அப்பவே என் கை அங்கயே நின்னுபோச்சி. இன்னும் மடக்கல."

ரத்னா சொம்பை நீட்டினாள். வாங்க வந்த கையில் காய்ப்பு அப்படியே இருந்தது. சொம்போடு சேர்த்து அந்தக் கையையும் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது.

"ஒரு நாளு உடாம எண்ணினேன்," என்றாள். "இருபத்தோரு நாளும்."