பாதித் தட்டு

"மாதம்மாக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம். வாய்ல எதையும் போட்டுராதீங்க" என்றாள் குழந்தைக்குச் சாப்பிடப் பழக்க வரும் பயிற்சியாளர் ஹேமா.

மாதம்மாள் தலையாட்டினாள். பிடரியில் ஒட்டியிருந்த பசிக்கடத்திக் கருவி சூடேறியது. அவள் வயிற்றில் மூண்ட பசி, எதிரே உட்கார்ந்திருந்த ரித்விகாவின் வயிற்றில் போய் இறங்கியது.

பிறந்ததிலிருந்து இரண்டு வருஷம் மூக்குக்குழாயில் பால் குடித்து வளர்ந்த குழந்தை அது. ஐந்து வயதாகியும் கரண்டியைக் கண்டால் தொண்டையை இறுக்கிக்கொள்ளும். அதற்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது. அதனால்தான் அதன் பெற்றோர் கட்டட வேலைக்காரி மாதம்மாளை, தன் பசியைக் கடன் தரும் பசியாளாகக் கொண்டுவந்து வீட்டோடு வைத்தார்கள். பசி முற்ற வேண்டுமே! தோட்டத்துக் கற்களைக் காலையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சுமப்பாள். மாலையில் அதே கற்களைத் திரும்பச் சுமப்பாள்.

ரித்விகா பருப்புச்சோற்றை அள்ளி அள்ளித் தின்றது. பாதித் தட்டில் கை நின்றது.

ஒன்பது மாதமாக இதே கதை. ரித்விகாவின் தட்டு முழுசாகக் காலியானால்தான் மாதம்மாளுக்கு விடுதலை. தங்கை வீட்டில் விட்டுவந்த மகள் செவ்வந்தி, "எப்பம்மா வருவ?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஹேமா திரையைக் காட்டினாள். "பசி உங்க பக்கத்துலயே அறுந்துபோகுதுக்கா. வயிறு நெறஞ்சிடுச்சா?"

"எங்கங்க நெறயுது!"

சொன்ன பிறகுதான் மாதம்மாளுக்கு உறைத்தது. பத்து வருஷமாக அவள் முழுத் தட்டுச் சோறு தின்றதில்லை. பாதியை மூடிச் செவ்வந்திக்கு எடுத்துவைத்தே பழகிய கை; பாதியோடு நின்றுவிடப் பழகிய பசி.

அன்றிலிருந்து முழுத் தட்டையும் தின்னும் பயிற்சி மாதம்மாளுக்கு. ஹேமா கரண்டியை நீட்டினாள்.

"பயப்படாதீங்க. ஒரே ஒரு வாய். தங்கம்ல!"

"நானென்ன பச்சப்புள்ளையா?" சிரித்தபடி வாயைத் திறந்தாள். பாதித் தட்டு தாண்டியதும் தொண்டை இறுகியது. கண்ணில் நீர் முட்ட, சோற்றைக் கையில் துப்பினாள்.

ஹேமா பெருமூச்சுவிட்டு, பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டித்துப் பதிந்தாள்.

எதிரே பாதித் தட்டோடு உட்கார்ந்திருந்த ரித்விகா எழுந்து போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து, தன் மிச்சச் சோற்றின் மேல் பத்திரமாகக் கவிழ்த்தது.

"யாருக்குடா கண்ணு?" என்றாள் ஹேமா.

"தெரியல ஆன்ட்டி. ஆனா அவ இன்னும் சாப்பிடல."