கம்பியில் இரண்டு தட்டு

அவள் நீர்த்தேக்கத்தின் கரையில் வந்து இறங்கியபோது நல்ல வெயில். கரை எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது. அடிப்பாறையில் ஒளிந்திருக்கும் பிளவை அவள் கண்டுபிடிக்க வேண்டும். பிளவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் வழியே ஆழத்து வாயு மேலே கசியும். மண்ணில் உள்துளையுள்ள கம்பியை இறக்கி, பம்பால் குழாய் வழியே உறிஞ்சினால் வாயு மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வழியை அடைத்தால் அந்த வாயு வேறு வழி தேடிக்கொள்ளும், அதுதான் தொல்லை.

இதே வேலைக்கு முன்பு வந்த அவள் அண்ணன், போன மழைக்காலத்தில் இங்கேதான் காணாமல் போனான். எவளோடோ ஓடிவிட்டான் என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அண்ணி இன்றும் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள். அவன் கதி தெரியாமல் திரும்புவதில்லை என்றே இவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள்.

சேர்ந்து வேலை செய்த நாட்களில், அண்ணன் கம்பியை இறக்கிவிட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுவான். 'காற்றை இழு' என்று அர்த்தம். பம்பு இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்?

கரையடியில் கம்பியை இறக்கினாள். மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது. பிளவு சிக்கிவிட்டது என்று சிவப்புக் கொடியை நட்டாள்.

முள் இறங்கியது.

மறுபடி ஏறியது. இறங்கியது.

குழாயில் வெதுவெதுப்பான காற்று. அண்ணன் ஓயாமல் மெல்லும் கிராம்பின் வாசனை.

டொக். டொக்.

கீழேயிருந்து.

விழுந்தடித்து இன்ஜினீயரிடம் ஓடினாள். "சார், கீழ எங்கண்ணன் இருக்கான். தோண்டிப் பாக்கணும்."

அவர் கெட்டவர் இல்லை. கரை உடைந்தால் அடித்துப் போக, பள்ளத்தில் ஒரு ஊரே குடியிருந்தது. "மண்ணுக்குள்ள ஒரு வருஷமா எவன்மா உயிரோட இருப்பான்? கொடி நட்டது நீதானே?" என்றார்.

கொடி இருந்த இடத்தில் சிமெண்ட் குழம்பை இறக்கினார்கள். அது மேலே வந்து தளும்பும் வரை தட்டல் கேட்டது. பிறகு இல்லை. ஒழுகலும் நின்றது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மீட்டரை மூலையில் வைத்தாள். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று சமையலறை வாசலிலேயே நின்றாள்.

கிராம்பு வாசனை.

தரையில் புதிதாக ஒரு விரிசல்.

டொக். டொக்.

அண்ணி அடுப்பை விட்டு வந்தாள். மண்டியிட்டு, கரண்டிக் காம்பால் விரிசலைத் தோண்ட ஆரம்பித்தாள்.

"அவருதான். நீயும் ஒரு கை புடி," என்றாள்.

அணைத்து வைத்திருந்த மீட்டரில் முள் மெல்ல ஏறியது. இறங்கியது.