வாங்கிய கை

கல்யாண மண்டபத்தில் மொய் மேசைக்கு மேலே ஆள் உயரத் திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதற்கும் மேலே பேனர்: தாழையூரின் முதல் தடமொய். ஊரில் அந்த மாதம் எல்லாமே முதல்தான். முதல் தடக்காசில் டீ குடித்தவருக்கு நகராட்சித் தலைவர் சால்வை போட்டார். முதல் பஸ் டிக்கெட் எடுத்த பெண்ணின் படம் பேப்பரில் வந்தது. முதல் மீன் வாங்கியது யார் என்பதில் மட்டும் சந்தையில் கைகலப்பாகிவிட்டது.

தடக்காசுக்கு நோட்டு கிடையாது, சில்லறை கிடையாது. மணிக்கட்டில் ஒரு காசுவளை, அவ்வளவுதான். கொடுப்பவர் வளையும் வாங்குபவர் வளையும் தொட்டுக்கொண்டால் காசு கைமாறிவிடும். ஒவ்வொரு காசும் தான் கடந்து வந்த இடத்தை எல்லாம் நினைவில் வைத்திருக்கும். கள்ளப்பணத்தை ஒழிக்க என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் அப்பா வள்ளிமணாளன், ஹார்டுவேர் கடைக்காரர், அதில் ஒரு பெருமையைக் கண்டுபிடித்துவிட்டார். மொய் வைப்பவரின் பெயரையும் தொகையையும் மைக்கில் சொல்வது வழக்கம்தானே. கூடவே காசு எங்கிருந்து வந்தது என்பதையும் திரையில் ஓடவிட்டார்.

"மாமா செல்லத்துரை, ஐயாயிரம்" என்றது மைக். திரையில் 'கப்பல் பட்டறை, சிங்கப்பூர்' என்று ஓடியது. பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வரிசையில் அப்பாவோடு நின்ற நிறைமதி திரையையும் அப்பாவின் வளையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பதினோராம் வகுப்பு, பள்ளி ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். அப்பாவுக்கு நகராட்சியில் கரண்ட் வேலை என்றுதான் அணியில் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை. எரிமேடையில் பிணம் எரிக்கும் மின் உலையை இயக்குவதும் கரண்ட் வேலைதான்.

"அப்பா, போயிரலாம்ப்பா. தல வலிக்குது."

"மொய் வெக்காம எப்பிடிம்மா போறது? உன் காதுகுத்துக்கு அவரு வந்து செஞ்சிருக்காரு" என்றார் பூமிநாதன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வளையை நீட்டித் தொட்டார்.

'நகராட்சி எரிமேடை, தாழையூர்.'

மைக் பிடித்தவர் பெயரைப் பாதியிலேயே விழுங்கினார். "கல்யாண வீட்ல சாவுக் காசாய்யா" என்று ஒரு குரல் கேட்டது. வள்ளிமணாளன் சிரித்த முகத்தோடு வந்தார். "பூமி, தப்பா எடுத்துக்காத. புள்ள வாழப்போற நேரம். நீ மனசால வாழ்த்துனா போதும், இத எடுத்துக்க." எடுத்துக்கொள்ளச் சொன்னாரே தவிர, தன் கையை நீட்டவில்லை. மொய் எழுதியவரைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்.

"சரிங்கண்ணே" என்றார் அப்பா. நிறைமதிக்கு அந்த 'ங்க'தான் தாங்கவில்லை. சாப்பாட்டு வரிசையிலிருந்து அணித் தலைவி ஷர்மிளா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருந்தால் ஒரு நாள் அவமானம். வியாபாரிகள் கூடிப் பேசி, தடக்காசை நடத்தும் கழகத்துக்கு மனுப் போட்டார்கள். கழகம் உடனே ஒரு வசதி செய்து கொடுத்தது. அதற்குப் பெயர் மங்கல வடி, காசை வடிகட்டுவது. அதைப் போட்டுக்கொண்டவரின் வளை, எரிமேடையைத் தொட்ட வளை கிட்டே வந்தால் சிவந்து நடுங்கும், காசு மாறாது. வள்ளிமணாளனுக்கு அதுவும் போதவில்லை. "தொட்டவன தொட்டவன்? அவன் மட்டும் சுத்தமா?" என்று கேட்டார். ஆகவே எரிமேடையைத் தொட்ட கையும் அதைத் தொட்ட இரண்டாம் கையும் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை என்றானது. முன்பு தொட்டதையும் தேடிப் பிடிக்கச் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் கோவைப் பயணத்துக்குப் பணம் வாங்கினாள் ஷர்மிளா. மாநிலப் போட்டி. நிறைமதி வளையை நீட்டினாள். ஷர்மிளாவின் வளை சிவந்து நடுங்கியது.

"நான் வேணும்னு செய்யலடி. எங்கம்மா போட்டுவிட்டது. பாஸ்வேர்டு அவங்ககிட்ட இருக்கு."

"அப்ப கோச்கிட்ட குடுக்குறேன்."

"கோச்சும் போட்டிருக்காரு."

"உங்க தாத்தா போன வருஷம் எங்க எரிஞ்சாரு?" என்று கேட்டாள் நிறைமதி. "எங்கப்பாதான் பட்டன அமுக்குனாரு. உங்கம்மா அவரு கைய புடிச்சிக்கிட்டு அழுதாங்களாம். அப்ப நடுங்கலயா?"

ஷர்மிளா ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அந்த நாட்களில் யார் வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீடெல்லாம் சிவந்தது. புருஷனை எரித்துவிட்டு வந்த சித்தாள் ஒருத்தி அரிசிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் நிறைமதியின் அம்மாதான் வீட்டிலிருந்து அளந்து கொடுத்தாள். சிவப்பும் சிவப்பும் ஒன்றையொன்று மறுக்காது. பயந்து பயந்து கிடந்த நிறைமதிக்குப் பயம் போய் எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் வள்ளிமணாளனின் அம்மா இறந்துபோனார்.

அப்பாவுக்கு டிபன் கொடுக்க எரிமேடைக்கு வந்திருந்த நிறைமதி எல்லாவற்றையும் பார்த்தாள். கட்டணம் அப்பாவின் வளைக்கு வந்தால்தான் உலை பற்றும். நகராட்சி அப்படிப் பூட்டி வைத்திருந்தது. அந்தக் கட்டணத்தை மட்டும் வடி தடுக்காது, ஆனால் கட்டியவர் வளை சிவந்துவிடும். பாடை வெயிலில் கிடந்தது. மூன்று மகன்களும் வேப்பமர நிழலில் நின்றார்கள்.

"தம்பி, நீ கட்டிரு. எனக்குக் கடை இருக்கு, நாலு பேரு வந்து போற எடம்" என்றார் வள்ளிமணாளன்.

"எனக்கு மட்டும் என்ன, வீட்ட ஒத்திக்கு எடுக்க ஆள் வரப்போறான்."

"மாப்ள கட்டட்டுமே" என்றார் மூன்றாமவர். புது மருமகன் வண்டிக்குப் பின்னால் போய், யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

வள்ளிமணாளனின் பார்வை நிறைமதி மேல் விழுந்தது. "பாப்பா, உன் வளை எப்பிடியும் செவப்புதானே. நீ தொட்ருமா. ஏதோ டூருக்குக் கட்டணுமாமே, அத நான் நேரா ஸ்கூலுக்கே கட்டிர்றேன்."

கோவை கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கட்டிரும்மா. பாவம், அந்தம்மா வெயில்ல கெடக்கு."

நிறைமதி கையை உயர்த்தவும் செய்தாள். பிறகு கீழே போட்டாள்.

"உங்க அம்மாதானேங்க அது" என்றாள்.

வள்ளிமணாளன் கண்ணை மூடிக்கொண்டு, சுடுவதைத் தொடுபவரைப்போல அப்பாவின் வளையைத் தொட்டார். உலை பற்றியது.

சாயங்காலத்துக்குள் ஊரே சிவந்தது. ஆணி வாங்கியவன், பெயின்ட் வாங்கியவன், அவர் கடைக்குப் பால் ஊற்றியவன், மொய் வைத்த சிங்கப்பூர் மாமா, ஒருவர் பாக்கியில்லை. ஷர்மிளா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, "என் வளையும் செவந்திருச்சு. இப்ப எடுக்கும்டி, தொடு" என்றாள். நிறைமதி தொட்டாள். காசு போனது. இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் அன்று தூங்கவில்லை. விடியும்போது எல்லா வளையிலும் கழகத்தின் அறிவிப்பு வந்திருந்தது. இறுதிச் சடங்குக்குக் காசு கொடுப்பது பிள்ளைகளின் கடமை. ஆகவே கொடுத்த கைக்கு விலக்கு. வாங்கிய கைக்கு இல்லை.

வள்ளிமணாளன் பச்சையானார். அவரைத் தொட்டவர்கள் பச்சையானார்கள். நிறைமதியின் வளை மட்டும் ஒருமுறை நடுங்கியது. முந்தின நாள் கொடுத்த காசு தானாகத் திரும்பி வந்திருந்தது. அவள் பள்ளிக்கு ஓடினாள். கோவை பஸ் கிளம்பிப் போயிருந்தது. பதிலுக்கு வேறொரு கோல்கீப்பரை ஏற்றிக்கொண்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எரிமேடைக்குப் போனாள்.

"அப்பா, இனிமே வாங்காத."

"என்னம்மா சொல்ற?"

"வாங்குனாதானே அழுக்கு. குடுக்குறவங்க சுத்தமாவே இருந்துட்டுப் போகட்டும். நீ தொடாத."

"செத்தவங்க என்னம்மா பண்ணாங்க?"

"நம்ம என்ன பண்ணோம்?"

பூமிநாதன் ஸ்டூலில் உட்காரும்போதே குளிர்பெட்டி வண்டி வந்து நின்றது. நகராட்சித் தலைவரின் மாமனார். மாலையும் காருமாகக் கூட்டம் இறங்கியது. இந்தமுறை நிழல் தேடி யாரும் ஒதுங்கவில்லை. கொடுத்த கைக்குத்தான் விலக்கு இருக்கிறதே. தலைவரே முன்னால் வந்து மணிக்கட்டை நீட்டினார். அவர் மச்சான் நீட்டினார். பின்னாலிருந்து இன்னொரு பச்சை வளையும் நீண்டது.

பூமிநாதன் தன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தொடுய்யா."

அவர் தொடவில்லை. உள்ளே உலை குளிர்ந்து கிடந்தது.

"பூமி, வெளையாடாத. உன்ன வேலைய விட்டே தூக்கிருவேன்."

"தூக்குங்க" என்றாள் நிறைமதி. "அந்த எடத்துக்கு உங்க ஆளு யாராச்சும் வந்து வாங்கட்டும்."

தலைவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் மாலைகளைப் பார்த்தது. குளிர்பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் குரலை இறக்கினார்.

"சரி, என்னதான் வேணும் உங்களுக்கு?"

பூமிநாதன் மகளைப் பார்த்தார். இரண்டு நாளாக அவள் மனதில் அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"பஸ்ஸ திரும்பி வரச் சொல்லுங்க."

"எந்த பஸ்ஸு?" என்றார் தலைவர். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.