கரண்ட் பார்க்காத கேபிள்

கரண்டே பார்க்காத கேபிளுக்குள் மரம் முளைத்திருந்தது.

கேபிள் வேலையில் இருப்பவர்கள் அதை மரம் என்றுதான் சொல்வார்கள். நடுவில் கனத்த செம்பு, அதைச் சுற்றி ஒரு விரல் தடிமனுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக், அதற்கு மேல் கறுப்புத் தோல். வெள்ளைக்குள் எங்காவது கண்ணுக்குத் தெரியாத ஒரு இடுக்கு இருந்துவிட்டால் போதும். மின்சாரம் அதில் புகுந்து குடைந்து, பழுப்பு நிறத்தில் நூல் விட்டு, நூல் கிளை விட்டு, மெல்ல மெல்ல வெளித்தோலை நோக்கி வரும். எட்டிய அன்று வெடிக்கும். அதற்கு வருடக்கணக்காக மின்சாரம் ஓட வேண்டும். மேசையில் இருந்த இந்தத் துண்டோ முந்தாநாள் கேபிள் ஓடும் சுரங்கப்பாதையில் வெட்டியது. அந்தக் கேபிள் இன்னும் ஒரு பல்பைக்கூட எரிய வைத்ததில்லை.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளையை நகம் போலச் சீவி, எண்ணெயில் காய்ச்சிக் கண்ணாடி போலத் தெளிய வைத்த சீவல். அதற்குள் மரம் அப்படியேதான் இருந்தது. சோதனை அறையில் காய்ந்த எண்ணெய் நாற்றம், மூலையில் முனகிக்கொண்டே சுற்றும் புகைபோக்கி விசிறி, ஜன்னலில் மத்தியான வெயில். பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது கடுப்புதான்.

ஏனென்றால் இதை அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தாள். சுரங்கத்துக்குள் கேபிளை நேராகப் போடக் கூடாது. பாரம் ஏறினால் சூடாகி நீளும், இறங்கினால் சுருங்கும். அதனால் பாம்பு படுத்தாற்போல நெளித்துப் போட்டு, அசைய இடம் விட வேண்டும். அப்படித்தான் போட்டிருந்தார்கள். போன வாரம் மேலாளர் இறங்கிப் பார்த்தார். பெரிய மனிதர்கள் பார்வையிட வரப்போகிறார்கள், இதென்ன குடித்தவன் நடந்த தடம் மாதிரி கோணல்மாணலாக என்று முகம் சுளித்தார். வின்ச் என்கிற இழுவை இயந்திரம் வைத்து இழுத்தார்கள். துணி காயப்போடும் கொடி மாதிரி நேராக்கி, தாங்கிகளோடு பிடித்து வைக்கும் கிளாம்ப்களை முறுக்கிவிட்டார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

இழுத்து வைத்த பிளாஸ்டிக்கில் மரம் ஓடும், அமுக்கி வைத்ததில் தவழும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதைப் போனில் சொன்னாள், எழுதிச் சொன்னாள், மேலாளர் அறை வாசலில் நின்று சொன்னாள். "பாத்துக்கலாம்மா" என்பதுதான் கிடைத்த பதில். கூடவே முட்டுக்கட்டை என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. நொந்து நூலாகிப் போனாள்.

விட்டுத் தொலைக்கலாம் என்றால், இழுபட்ட அந்தக் கேபிளில், துண்டோடு துண்டை ஒட்டும் மூன்றாவது இணைப்பில் உட்கார்ந்திருப்பது அவள் உடன்பிறந்த தம்பி. இன்று மாலைக்குள் அவன் அதை மூடியாக வேண்டும், நாளை கரண்ட் கொடுப்பார்கள். வெடித்தால் முதலில் கருகுபவன் பக்கத்தில் நிற்பவன். பிழைத்தாலும் இணைப்புக்காரன் சரியாகச் செய்யவில்லை என்றுதான் பூசி மெழுகுவார்களே தவிர, மேலாளருக்கு நேர்க்கோடு பிடிக்கும் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

மரத்தின் நுனியில் ஊசியால் ஒரு கோடு கிழித்து வைத்துவிட்டு, மேலாளரைப் போனில் பிடித்தாள்.

"சார், வெட்டின துண்டுல மரம் இருக்கு."

"கரண்டே குடுக்கலியேம்மா. கரண்ட் இல்லாம மரம் வராதுன்னு நீங்கதான எனக்குப் பாடம் எடுத்தீங்க?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன். ஏன் வந்துச்சுன்னு தெரியற வரைக்கும் கிளாம்பத் தளர்த்தச் சொல்லுங்க. இணைப்ப மூட வேண்டாம்."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க. தூசியா இருக்கும்."

வைத்துவிட்டார். அவள் போனையே கொஞ்ச நேரம் முறைத்தாள். திரும்பி வந்து குனிந்தபோது, பழுப்பு நுனி அவள் கிழித்த கோட்டைத் தாண்டியிருந்தது.

மேசை ஆடியிருக்கும். சீவல் நகர்ந்திருக்கும். தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டே, இரண்டு இடுக்கிகளால் சீவலின் இரு ஓரத்தையும் பிடித்து லேசாக இழுத்தாள். காய்ந்த சருகை மிதித்தாற்போல மெல்லிய சத்தம். கண் முன்னால் கிளை ஒன்று பிரிந்து, அதிலிருந்து இன்னொன்று பிரிந்து, இடுக்கியை நோக்கி ஓடியது. உள்பக்கமாக அமுக்கினாள். நின்றது. மறுபடி இழுக்க அவளுக்குத் துணிவில்லை.

சுரங்கத்தில் கைபேசி எடுக்காது. மூன்றாவது இணைப்புக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் போனுக்கு அடித்தாள். வெகுநேரம் மணி அடித்தது.

"தம்பி, யாரு என்ன சொன்னாலும் சரி, கிளாம்ப எல்லாம் தளர்த்துடா. நான் பொறுப்பு."

"தளர்த்திட்டேன்க்கா. சாப்பாட்டுக்கு முன்னாடியே தளர்த்திட்டேன்." அவன் குரலில் ஒரு தயக்கம். "ஆனா அது தளரல."

"தளரலன்னா?"

"நீ வந்து பாரேன்."

சுரங்க வாசலில் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டார். தினமும் அவள் முகத்தைப் பார்க்கிற மனிதர். பை முழுக்கத் துழாவி எடுத்துக் கொடுத்தால், அதில் தேதி முடிந்துவிட்டது என்றார். அவள் சீட்டை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு உள்ளே நடந்தாள். பின்னால் அவர் கத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு அட்டை தொங்கியது. அந்த அட்டையைத் தொங்கவிட்டவனையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே, இரும்புப் படிகளில் சுற்றிச் சுற்றி இறங்கினாள். இறங்க இறங்க வெயில் ஒரு காசளவுக்குச் சுருங்கி, பிறகு இல்லாமல் போனது.

ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் விளக்குகள் அங்கே. அவள் நடக்க நடக்க முன்னால் ஒன்று எரிந்தது, பின்னால் ஒன்று அணைந்தது. ஈர சிமென்டின் வாசனை, எங்கோ சொட்டும் தண்ணீர், காற்றுக் குழாயின் நீண்ட பெருமூச்சு, இவற்றோடு சேர்ந்து ஜெராக்ஸ் மெஷினைத் திறந்தால் வருகிற அந்தக் காரமான நெடி. தீப்பொறி இருக்கிற இடத்தில்தான் அந்த நெடி வரும். பொறி பறக்க இந்தக் கேபிளில் ஒரு சொட்டு மின்சாரம்கூடக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்திருந்தும் தொண்டை எரிந்தது. காதருகே எண்ணெயில் ஏதோ பொரிவது போல ஒரு சத்தம் கூடவே வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

கிளாம்ப்கள் வாயைப் பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் நட்டுகளை ஒழுங்காகக் குவித்து வைத்திருந்தான் தம்பி. பிடி விட்ட கேபிள் தொய்ந்து, தாங்கிகளுக்கு நடுவே வயிறு சரிந்தாற்போல இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இந்த முனையிலிருந்து இருட்டு வரைக்கும் ஒரே நேர்க்கோடு. கையுறையோடு உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. கையுறைக்குள்ளும் அது நடுங்குவது தெரிந்தது.

கேபிளின் தோலில் மீட்டர் கணக்கு வெள்ளை எண்களாக அச்சடித்திருக்கும். அவள் கண்ணெதிரே ஒரு எண் கிளாம்பின் விளிம்பைத் தொட்டது. பிறகு அதற்குள் போனது. பிறகு மறுபக்கம் வந்தது.

கேபிள் நகர்ந்துகொண்டிருந்தது.

ஓடினாள். விளக்குகள் அவளுக்குப் பின்தங்கி எரிந்தன.

தம்பி இணைப்பின் எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் கறுப்புத் தோல் உரித்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்த வெள்ளைப் பகுதி. வலது கை அதன் மேல் இருந்தது. கையுறை தரையில் கிடந்தது.

வெள்ளையை வெறுங்கையால் தொடக் கூடாது. வேர்வை பட்டால் கெட்டுவிடும். அவன் தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொண்டது அது.

"வெறுங்கையிலயா தொட்ட?"

"தேச்ச இடத்துல மேடு தட்டிச்சுக்கா. கையுறை போட்டா தெரியாது. விரல் வெச்சாதான் தெரியும்." அவன் திரும்பவில்லை. "எல்லாரும் அப்படித்தான் பாப்போம். ஒரே ஒரு தடவ."

"சரி, கைய எடு."

"எடுக்க வரலக்கா."

பக்கத்தில் போய்ப் பார்த்தாள். வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பு நூல் ஒன்று மேலே வந்து, அவன் விரல் நுனியில் முடியாமல், தொடர்ந்தது. விரலுக்குள். தோலுக்கு அடியில். மணிக்கட்டில் இரண்டாகப் பிரிந்து. பிரிந்தது மறுபடி பிரிந்து.

அவள் யோசிக்கவில்லை. அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். சருகு நொறுங்கும் சத்தம், இந்தத் தடவை அவன் கைக்குள்ளிருந்து. மணிக்கட்டில் இருந்த கிளைகள் முழங்கைக்கு ஓடின. விட்டாள். நின்றன. கேபிள் இருட்டுப் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது, அவன் கை விறைத்து நீண்டது, கிளைகள் மறுபடி ஓடின.

சுவர் போனை எட்டி எடுத்தாள். அவசரத்தில் எண் தப்பியது. மறுபடி அடித்தாள்.

"சார், வின்ச்ச நிறுத்தச் சொல்லுங்க. தம்பி கை மாட்டிக்கிச்சு."

"எந்த வின்ச்சும்மா? அத நேத்தே திருப்பி அனுப்பியாச்சே."

"அப்ப யாரு சார் இழுக்கறா? கேபிள் நகருது. கட்டர் அனுப்புங்க. இப்பவே வெட்டணும்."

அந்தப் பக்கம் அலுப்போடு ஒரு மூச்சு. "புதுக் கேபிள வெட்டறதா? உங்களுக்கு என்னதாம்மா பிரச்சன? எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

போன் கையிலிருந்து நழுவி, சுருள் கம்பியில் தொங்கி ஆடியது. அவளுக்கு அழுகை வந்தது. பயத்தால் அல்ல, ஆத்திரத்தால். மேலே போய்க் கட்டர் எடுத்து வரலாம். அத்தனை படியும் ஏறி இறங்குவதற்குள் அது தோளைத் தாண்டிவிடும். தோளுக்கு அப்பால் நெஞ்சு.

இழுத்தால் ஓடும். அமுக்கினால் தவழும்.

உலகத்திலேயே யாரும் காது கொடுத்துக் கேட்காத அந்த ஒரு விஷயம் மட்டும்தான் அவளிடம் இருந்தது. தம்பியின் பின்னால் வந்து நின்று, முதுகில் கை வைத்து, கேபிள் போகிற திசையிலேயே மெதுவாகத் தள்ளினாள். அவன் ஒரு அடி வைத்தான். கை தளர்ந்தது. கிளைகள் நின்றன.

"வலிக்குதா?"

"இல்லக்கா. தள்ளும்போது வலிக்கல."

அது இழுத்தது. அவள் தள்ளினாள். ஒரு அடி. இன்னொரு அடி. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. பின்னால் விளக்கு அணைந்தது. எதிரே இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனாலும் வேறு ஏதாவது இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள்.

அடுத்த விளக்கு எரிந்தது. சுவர். சுரங்கம் அங்கே முடிந்தது. சுவரில் ஒரு குழாய், அதன் வாய் கேபிள் நுழையும் அளவுக்குத்தான். கறுப்புத் தோல் உராய்ந்துகொண்டே உள்ளே போயிற்று. அதன் பின்னால் தோல் உரித்த, மெலிந்த வெள்ளை. அதைச் சுற்றி இருந்த இடைவெளிக்குள் தம்பியின் விரல்கள்.

அவள் நின்றாள்.

அது நிற்கவில்லை. அவன் கை விறைத்தது, நீண்டது. சட்டைக் கழுத்தின் ஓரத்தில், காதுக்குக் கீழே, பழுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. இரண்டாகப் பிரிந்தது.

"அக்கா," என்றான் தம்பி. கன்னம் சுவரில் அழுந்தியிருந்தது. குரல் குழறியது. "தள்ளுக்கா."

குழாய்க்குள் மணிக்கட்டு போனது. எலும்பு நெரிந்தது. அவன் கத்தவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டான். முழங்கை குழாயின் விளிம்பில் தட்டி நின்றது. காதுக்குக் கீழே இருந்த நுனி தாடையை நோக்கித் திரும்பியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலைத் தரையில் ஊன்றினாள். இரண்டு கையையும் தம்பியின் தோளில் வைத்து, தன் பலம் முழுவதையும் திரட்டித் தள்ளினாள்.