பூவறையில் ஒன்பது டிகிரி

"உங்க மெஷினாலதான் பாய், எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. அதுகிட்டயே இன்னொரு தடவ கேளுங்க."

தாராவியில் குளிர்சாதனப் பட்டறை நடத்தும் அப்துல் ஹாதியிடம் இதைச் சொன்ன மாலதி, போட்ட நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அவள் கணவன் செல்லப்பாண்டி, மாட்டுங்காவில் கோமதியம்மாளின் பூக்கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். சனிக்கிழமை காலையில் குளிரறையிலிருந்த மல்லிகை மொத்தமும் கெட்டுக் கிடந்தது. நாலு டிகிரியில் நிற்க வேண்டிய அறை, இரவு முழுக்க ஒன்பதில் இருந்ததாகக் கோமதியம்மாளின் போன் காட்டியது. கதவைச் சாத்தாமல் போய்விட்டான் என்று, கடைத்தெருவே பார்க்க அவனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அறையின் குளிரை அளந்து போனுக்கு அனுப்பி, அதற்கேற்பக் கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் சென்சாரை அந்த வாரம்தான் பொருத்தியிருந்தார் ஹாதி. சனிக்கிழமை கோமதியம்மாள் போனில் கேட்டபோது, நேரில் போகாமலே, "மெஷின் பொய் சொல்லாதும்மா, கதவு தெறந்திருக்கும்" என்று சொன்னவரும் அவரே. இப்போது அது நெஞ்சை உறுத்தியது.

கூட்டாளி சஃபீனாவையும் மாலதியையும் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பினார். சஃபீனா டாக்சியிலேயே வழக்கை முடித்துவிட்டாள்.

"கம்ப்ரஸர் நின்னுருக்கும் பாய். பந்தயம்!"

மாட்டுங்காவில் இறங்கியதும் ஹாதி கோமதியம்மாளையும் கூட்டிக்கொண்டு நேரே பின்பக்கம் போனார்.

கெட்ட பூவில் ஒரு கூடை கடைக்குப் பின்னால் இன்னும் கிடந்தது. ஹாதி ஒரு பிடி அள்ளினார். மொட்டுகள் பழுப்பேறி, கண்ணாடி போல உள்ளே தெரிந்தன.

"அம்மா, சூட்டுல கெடந்த மல்லி எப்படி இருக்கும்?"

"இதென்ன கேள்வி? விரிஞ்சு, வாடி..." கோமதியம்மாள் அவர் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணுகூட விரியல. இது சூட்டுல கெட்ட பூ இல்ல. ஐஸ் கட்டுற குளிர்ல வெறச்ச பூ."

"அப்ப ஒன்பது டிகிரி?" என்றாள் சஃபீனா.

"சென்சாருக்கு ஒன்பதுதான். எப்ப ஏறிச்சு, பாரு."

அவள் போனில் கோட்டைப் பெரிதாக்கினாள். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு நாப்பது. சடார்னு பதினாலுக்குப் போயி, மெல்ல ஒன்பதுக்கு எறங்கி, அங்கயே நின்னுருக்கு."

"கதவு தெறந்து கெடந்தா ஏறிக்கிட்டேல்ல போகும்? இது எறங்கியிருக்கு. செல்லப்பாண்டி பூட்டினது எட்டு மணிக்கு. ஆறு நாப்பதுக்கு இங்க என்ன நடந்துச்சும்மா?"

"வெளக்கு வைக்கிற நேரம்லா." கோமதியம்மாளின் குரல் இறங்கியது. "சாமிக்குப் போற பூ. வெள்ளிக்கெழம இருட்டுல கெடக்கக் கூடாதுன்னு நாந்தான் உள்ள லைட்டப் போடுவேன். விடிஞ்சுதான் அணைப்பேன்."

ஹாதி குளிரறைக் கதவைத் திறந்து காட்டினார். குண்டு பல்புக்கு நாலு விரற்கடை தள்ளி சென்சார் தொங்கியது.

"பல்பு வயருக்கு அடிச்ச கிளிப் இருந்துச்சு. புதுசாத் துளை போடச் சோம்பல்பட்டு அதுலயே மாட்டிட்டேன். பல்புச் சூடு பட்டு, அறையே சூடா இருக்குன்னு அது நெனச்சிட்டு. கம்ப்ரஸர் நிக்காம ஓடி பூவ வெறைக்க வச்சிட்டு. கதவு சாத்தித்தான் இருந்துச்சும்மா. செல்லப்பாண்டி மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

"முப்பது வருசமாப் பூ விக்கேன். அன்னைக்குப் பூவப் பாக்காம போனப் பாத்துட்டேனே!" கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கே அவன வரச் சொல்லு மாலதி."

மாலதி மறுத்துத் தலையசைத்தாள். "நான் சொன்னா நம்ப மாட்டாருக்கா. சாத்துனேன் சாத்துனேன்னு ரெண்டு நாள் சொன்னாரு. மெஷினே சொல்லுதே, நாந்தான் மறந்துட்டேன் போலன்னு நேத்து ஒத்துக்கிட்டாரு. இப்ப அடுப்ப அணைச்சமா, தாப்பாப் போட்டமான்னு பத்து தடவ எந்திரிச்சுப் பாக்காரு."

கோமதியம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கோவண்டியில் செல்லப்பாண்டியின் வீட்டுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் ஹாதிதான் சொன்னார். செல்லப்பாண்டி கோபப்படவில்லை. கோமதியம்மாள் சாவியை நீட்டியபோது அதை வாங்கவும் இல்லை.

"அப்ப நான் சாத்திட்டுத்தான் போனேனா பாய்?" என்று கேட்டான்.

"ஆமாப்பா."

மறுபடி மறுபடி அதையே கேட்டான். ஹாதி ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றார்.